டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு?

சென்னை பெரும்பாக்கத்தில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிற தென்மாவட்டத்துத் தங்கச்சிகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “அக்கா, ஊருக்கு ஃப்ளைட்ல போனா எவ்வளவு நேரம் ஆகும்?” டிக்கெட் போடுகிற ஆப்பைத் திறந்தால் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரம், ஒன்றே முக்கால் மணி நேரம் என்று பதில் வரும். அதை நம்பித்தான் பல பேர் காலையில் இங்கே சமைத்து வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் போடலாம்தான். ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. அதை உனக்கு ஒரு தடவை உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. அடுத்த தடவை நீயே போட்டுக்கொள்வாய்.

முதலில் தூரம். சென்னை விமான நிலையம் இருக்கிற மீனம்பாக்கத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்துக்கும் மேப்பில் நேர்கோடு இழுத்தால் சுமார் 525 கிலோமீட்டர் வரும். அந்தக் கோடு தஞ்சாவூரை ஒட்டித்தான் போகும். அதே ஊருக்கு ரயில் பாதை 650 கிலோமீட்டர். ரோடு அறுநூறைச் சுற்றி. இந்த வழியில் பெரும்பாலும் ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்கிற, இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரமும் சில நிமிஷமும்தான் ஆக வேண்டும். அப்புறம் ஏன் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று போடுகிறார்கள்?

ஏனென்றால் டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் மட்டும் இல்லை. விமானம் நின்றிருக்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பிக்கிற நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரத்தைத்தான் கம்பெனிகள் எழுதுகின்றன. ‘பிளாக் டைம்’ என்பார்கள். ரன்வேக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிற விமானங்களுக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, திசை திரும்புவது, இறங்குவதற்கு வரிசையில் வருவது எல்லாம் இதற்குள் அடக்கம். இதில் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைப்பார்கள். அதனால்தான் அரை மணி தாமதமாகக் கிளம்பின விமானம் சில நாள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

விமானம் எந்த வகை என்பதும் முக்கியம். சென்னையிலிருந்து திருவனந்தபுரம் நேர்கோட்டில் 610 கிலோமீட்டர். தூத்துக்குடியைவிட எண்பது கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். ஆனால் அங்கே போவது ஜெட் என்றால் நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சில நாள் திருவனந்தபுரத்துக்குத்தான் குறைவு. ஜெட்டின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டரைத் தாண்டும். மதுரைக்கு நேர்கோட்டில் 415, திருச்சிக்கு 295, கோயம்புத்தூருக்கு 405, சேலத்துக்கு 265 கிலோமீட்டர் வரும். கடல் தாண்டி யாழ்ப்பாணத்துப் பலாலிக்குக்கூட 355 கிலோமீட்டர்தான், மதுரையைவிடப் பக்கம். இவ்வளவு சின்னத் தூரங்களில் ஓடுதளத்தில் ஊர்கிற நேரமும் ஏறி இறங்குகிற நேரமும்தான் பெரிய பங்கு. திருச்சிக்கும் மதுரைக்கும் நூற்று இருபது கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தும் டிக்கெட்டில் பெரிய வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பிளாக் டைமை இவ்வளவு தூரம் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உன் உரிமையே இந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானமாகிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதிப்படி, பிளாக் டைம் இரண்டரை மணி நேரம் வரை உள்ள விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், நேரத்துக்கு வந்து செக்-இன் செய்த பயணிக்குச் சாப்பாடோ சிற்றுண்டியோ கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் போகிற எல்லா விமானமும் இந்த வரம்புக்குள் வந்துவிடும். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் வேறு விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கிற உரிமை உனக்கு. முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால் நஷ்டஈடும் உண்டு. பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் என்றால் 7,500 ரூபாய். அல்லது நீ கட்டின அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இந்த இரண்டில் எது குறைவோ அது. புயல், மழை மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது. கவுன்ட்டரில் சண்டை போட வேண்டாம். “டி.ஜி.சி.ஏ. விதிப்படி சாப்பாடு எப்ப தருவீங்க?” என்று நிதானமாகக் கேள். கேட்காதவர்களுக்குத் தானாக வந்து கொடுப்பது அபூர்வம்.

2025 டிசம்பரில் நாடு முழுக்க விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தாகி டிக்கெட் விலை எகிறியபோது, மத்திய அரசு தூரத்தை வைத்துத்தான் உச்சவரம்பு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 500 முதல் 1,000 வரை 12,000 ரூபாய். தூரமும் நேரமும் வெறும் தகவல் இல்லை, நம் கைக்காசு சம்பந்தப்பட்டது.

வாசலிலிருந்து வாசல் வரை

இப்போது பெரும்பாக்கத்துக்கு வா. நம் வீட்டிலிருந்து விமான நிலையம், எந்த வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்து, பதினைந்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். மேடவாக்கம் ஜங்ஷனிலிருந்து கீழ்க்கட்டளை வழியாகப் பல்லாவரம் போவது கிட்டத்து வழி. ஆனால் மெட்ரோ ரயிலின் ஐந்தாவது வழித்தடம் மாதவரத்திலிருந்து கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் சோழிங்கநல்லூர் போகிறது. தூணும் தகரத் தடுப்புமாக இருக்கிற இடத்தில் இரண்டு லேன் ரோடு ஒன்றாகிவிடும். அதனால் வேலை முடிகிற வரைக்கும் பள்ளிக்கரணை போய் இருநூறடி ரோட்டைப் பிடி. கிலோமீட்டர் கூடும், ஆனால் ஓட்டம் இருக்கும். கடைசியில் பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறுகிற இடம் ஒன்றுதான் நம்மைப் பிடித்து வைக்கும்.

விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினால் அரை மணி, நாற்பது நிமிஷத்தில் போய்விடலாம். அதே வழி சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒன்றேகால் மணி நேரமும் கேட்கும், மழை நாளில் அதற்கு மேலும் கேட்கும். ஆகவே முதல் டிப்ஸ்: காலை முதல் விமானத்தை எடு. தூக்கம் கெடும், உண்மை. ஆனால் ரோடு காலி. அதோடு, அந்த ஒரே சின்ன விமானம் நாள் முழுக்க ஊர் ஊராகப் போய்த் திரும்பும். காலையில் ஒரு இடத்தில் இருபது நிமிஷம் தாமதமானால் அது சேர்ந்து சேர்ந்து சாயங்கால விமானத்தின் தலையில்தான் விழும்.

பெரும்பாலான கம்பெனிகள் உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடும். போர்டிங் கேட் 25 நிமிஷத்துக்கு முன்னால் மூடும். இரண்டுமே கறாரான நேரம். பெட்டி போடுகிறாய் என்றால் இரண்டு மணி நேரம் முன்னால் அங்கே இரு. கைப்பை மட்டும்தான் என்றால் வீட்டிலேயே வெப் செக்-இன் முடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் போதும். ‘டிஜி யாத்ரா’ ஆப்பில் முகத்தைப் பதிந்து வைத்திருந்தால் சென்னையில் நுழைவாயில் வரிசை சுருங்கும்.

சரி, உன் ஊர் திருநெல்வேலி என்று வைத்துக் கூட்டிப் பார். வீட்டிலிருந்து விமான நிலையம் முக்கால் மணி, அங்கே காத்திருப்பு ஒன்றே முக்கால் மணி, டிக்கெட்டில் இருக்கிற நேரம் ஒன்றே முக்கால் மணி, இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர இருபது நிமிஷம், வாகைக்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு நாற்பது, ஐம்பது நிமிஷம். ஐந்தேகால் மணி நேரம். சாயங்கால டிராஃபிக் என்றால் ஆறு. உன் பயணம் ஐந்தரை மணி நேரம் என்று மனசில் வைத்துக்கொண்டு நாளைத் திட்டமிடு. ஒன்றே முக்கால் மணி நேரம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை.

ஜி.எஸ்.டி. ரோடு நிற்கிறது என்று மேப்பில் சிவப்பாகத் தெரிந்தால் ஒரு மாற்று வழி உண்டு. நேராகக் கிழக்குத் தாம்பரம் போய் லோக்கல் ரயில் ஏறு. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். ஐந்து ரூபாய் டிக்கெட். திரிசூலம் ஸ்டேஷன் விமான நிலையத்துக்கு நேர் எதிரில்; சுரங்கப்பாதையில் இறங்கி ஏறினால் வந்துவிடலாம். பெரிய பெட்டியும் கைக்குழந்தையும் இருந்தால் இது வேண்டாம், படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். தோளில் ஒரு பையோடு போகிறவர்களுக்கு இதைவிட நம்பிக்கையான வழி கிடையாது. திரும்பி வரும்போதும் யோசித்துப் பார். ஆப் டாக்ஸி வந்து நிற்பது அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில். பெட்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போய், வண்டி வந்து, வெளியே வருவதற்குள் இருபது நிமிஷம் ஓடிவிடும்.

டிக்கெட் போடும்போது

ஆப்பில் ‘திரு’ என்று அடித்தால் ஒரு கூட்டமே வந்து நிற்கும். இதில் கவனம். டி.ஐ.ஆர். என்றால் திருநெல்வேலி இல்லை, திருப்பதி. திருநெல்வேலிக்குத் தனி விமான நிலையமே கிடையாது. டி.ஆர்.இசட். திருச்சி, டி.ஆர்.வி. திருவனந்தபுரம். உனக்கு வேண்டியது டி.சி.ஆர்., அதுதான் தூத்துக்குடி. ஊரிலிருந்து அப்பா யாரையாவது விட்டு டிக்கெட் போடச் சொல்கிறார் என்றால் இந்த மூன்று எழுத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடு.

அடுத்தது, ‘நான்-ஸ்டாப்’ என்கிற கட்டத்தை டிக் பண்ணு. விலை வரிசையில் முதலில் வருவதைத் தட்டினால் பெங்களூருக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டு வருகிற டிக்கெட்டாக இருக்கலாம். அதில் போகிற நேரத்துக்கு ரயிலிலேயே போயிருக்கலாம். டெர்மினல் எண்ணையும் பார்த்து வை. சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1, டெர்மினல் 4 என்று இரண்டு இடத்திலிருந்து போகின்றன. டாக்ஸிக்காரரிடம் “டொமஸ்டிக்” என்று மட்டும் சொன்னால் போதாது.

எந்த ஊருக்கு எந்த விமான நிலையம் என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து இருக்கிறது. திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், தென்காசி, வள்ளியூர் என்றால் யோசிக்காமல் தூத்துக்குடி. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்றால் மதுரை. அங்கே விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால் மதுரை நெரிசலுக்குள் நுழையாமலே நாலு வழிச் சாலையைப் பிடித்துவிடலாம். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் என்றால் திருவனந்தபுரம். நாகர்கோவில் மட்டும் இரண்டுங்கெட்டான். திருவனந்தபுரம் கிலோமீட்டரில் பக்கம், ஆனால் அந்த ரோடு நெருக்கடி. தூத்துக்குடியிலிருந்து தூரம் கூட, ஆனால் அகலமான ரோடு. எந்த டிக்கெட் விலை குறைவோ அதை எடு.

வாகைக்குளம் விமான நிலையம் தூத்துக்குடி – திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ரொம்ப நாளாக 1,350 மீட்டர் ரன்வேதான். அதனால்தான் பெரிய விமானம் இறங்க வழியில்லாமல் இருந்தது. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, புது முனையமும் கட்டி, 2025 ஜூலை 26-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார். ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகள் வரலாம் என்கிற கணக்கில் கட்டியிருக்கிறார்கள். பெரிய விமானங்கள் வழக்கமாக வர ஆரம்பித்தால் நான் மேலே சொன்ன ஒன்றே முக்கால் மணி நேரம் குறையும். அந்த நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். அதுவரை டிக்கெட்டில் விமானத்தின் வகையைப் பார்க்கிற பழக்கத்தை வைத்துக்கொள்.

சின்ன விமானத்தில் ஏறும்போது

ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறி இறங்குகிற கதவு பின்பக்கம். பலருக்கு இது தெரியாமல், சீக்கிரம் இறங்கலாம் என்று காசு கொடுத்து முன்வரிசை சீட் வாங்குகிறார்கள். இங்கே பின்வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார். குழந்தையோடு போகிறாய் என்றால் பின்னால் எடு. ஒரு வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று சீட் இருக்கும். நடு சீட் என்கிற தொல்லை கிடையாது. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே வயலும் ஏரியும் மறைவில்லாமல் தெரியும். காலையில் தெற்கே போகும்போது வெயில் இடது பக்கம் அடிக்கும். அதனால் வலது பக்க ஜன்னல் எடுத்தால் கண் கூசாமல் பார்க்கலாம். திரும்பி வரும்போது காலை என்றால் இதை மாற்றிக்கொள்.

சத்தம் காற்றாடிக்குப் பக்கத்தில் அதிகம். அந்த இடத்தைக் கைக்குழந்தைக்கும் தலைவலிக்காரருக்கும் தவிர்த்துவிடு. இந்த விமானம் ஜெட் அளவுக்கு உயரே போகாது, 25,000 அடிதான் அதன் உச்சம். மழைக்காலத்தில் மேகத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கும், ஆட்டம் இருக்கும். அது ஆபத்து இல்லை. பெல்ட்டை மட்டும் கழற்றாதே. முதல் தடவை ஏறுகிற அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வை, பயம் பாதியாகக் குறையும். இறங்கும்போது குழந்தைக்குக் காது அடைக்கும். பால் கொடு, கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் மிட்டாய் கொடு. பச்சைக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும், வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள்.

முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு வீல்சேர் கேட்பதில் வெட்கமே வேண்டாம். டிக்கெட் போடும்போதே அதற்கான இடத்தில் குறித்துவிடு. சின்ன விமானத்தில் பெரும்பாலும் ஏரோபிரிட்ஜ் கிடையாது. பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கிப் படியில் ஏறச் சொல்வார்கள். சாய்தளம் வைத்து ஏற்ற முடியுமா என்று முன்னாடியே கேட்டு வைத்தால் அங்கே போய்த் தவிக்க வேண்டியதில்லை.

சாமான் விஷயம். சாதாரண டிக்கெட்டில் கையில் 7 கிலோ, செக்-இன் 15 கிலோ. ஊரிலிருந்து திரும்பும்போதுதான் இதில் இடிக்கும், அம்மா கட்டிக் கொடுப்பது அப்படி. நெல்லை அல்வாவும் நெய்யும் ஊறுகாயும் செக்-இன் பெட்டியில் போகட்டும். கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் நிறுத்துவார்கள். தூத்துக்குடி மக்ரூன் நொறுங்குகிற பொருள், அதைக் கைப்பையில் வை. கொப்பரைத் தேங்காய் எதிலுமே போகாது. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கிற பொருள் என்று தடை. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

தாம்பரம் என்கிற பாக்கியம்

பெரும்பாக்கத்திலிருந்து தாம்பரம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். தெற்கே போகிற ரயிலுக்காக எழும்பூர் வரைக்கும் நாம் போக வேண்டியதில்லை. நெல்லை வந்தே பாரத் தாம்பரத்தில் நின்று போகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கின ரயில் அது. எழும்பூரிலிருந்து திருநெல்வேலி வரை 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். நம் வீட்டுக் கணக்கில், தாம்பரம் போகிற நேரமும் சேர்த்து எட்டரை மணி. விமானத்தைவிட மூன்று மணி நேரம் கூடுதல். ஆனால் ஊருக்குள்ளேயே, ஜங்ஷனில் இறக்கிவிடும். சாமானை யாரும் எடை போட மாட்டார்கள். டிக்கெட் விலை, நெருக்கத்தில் எடுக்கிற விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே.

இரவு ரயிலின் கணக்கே வேறு. தூத்துக்குடிக்கு முத்துநகர், திருநெல்வேலிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ். பத்து, பதினோரு மணி நேரம் என்று காகிதத்தில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் நீ வீட்டில் இருந்தாலும் தூங்கத்தான் போகிறாய். பகல் ஒரு மணி நேரம்கூட வீணாவதில்லை. திருச்செந்தூருக்கு நேராகப் போகிற செந்தூர் எக்ஸ்பிரஸ் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப் போகும். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல ரயில், அவசரத்துக்கு ஆகாது.

என் கணக்கில் விமானம் மூன்று காரணத்துக்குத்தான்: ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, ஒரு சாவுக்குப் போக வேண்டும், அல்லது ரிஜிஸ்டர் ஆபீஸ் மாதிரி ஒரே நாளில் முடிகிற வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் விலையைப் பார்க்காதே, எடுத்துவிடு. மூன்று மணி நேரம் அப்போது ரொம்பப் பெரிய விஷயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரும்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால் தென்மாவட்டங்களிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நம் வீட்டில்தான் தங்குவார்கள். ஆபரேஷன் முடிந்து திரும்புகிறவரை விமானத்தில் அனுப்புகிறாய் என்றால், டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் ‘பயணம் செய்யலாம்’ என்று கடிதம் வாங்கிக்கொள். ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர் என்றால் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிச் சம்மதம் வாங்க வேண்டும். கவுன்ட்டரில் போய் நின்று கேட்டால் ஏற்ற மாட்டார்கள்.

மழையும் போகியும்

நவம்பர், டிசம்பரில் ஒரு விஷயத்தை மறக்காதே. இங்கேயும் அங்கேயும் ஒரே வடகிழக்குப் பருவமழைதான். 2023-ஐ நினைத்துப் பார். டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணீரில் நின்றது. சரியாக இரண்டு வாரம் கழித்து தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. விமானம், ரயில் இரண்டுமே கைவிட்ட நாட்கள் அவை. இந்த இரண்டு மாதத்தில் கல்யாணம், பரீட்சை மாதிரி தள்ளிப் போட முடியாத வேலைக்குப் போகிறாய் என்றால் ஒரு நாள் முன்னாடியே போய்விடு. மழை எச்சரிக்கை வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது விமான நிலையத்தை இல்லை, நம் தெருவை. வாசலில் முழங்கால் தண்ணீர் என்றால் டாக்ஸி வராது. முந்தின நாள் ராத்திரியே பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

போகிப் பண்டிகைக் காலையில் விமானம் எடுக்காதே. புகையும் பனியும் சேர்ந்து ரன்வேயை மறைத்துவிடும். 2018 போகியன்று சென்னைக்கு வந்த விமானங்கள் பல வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அன்றைக்குத்தான் போக முடியும் என்றால் மத்தியானத்துக்கு மேல் உள்ளதாகப் பார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட் விலையைப் பார்த்து மலைத்துப் போவதற்கு முன்னால், ரயில் முன்பதிவுத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஜனவரி 13-ஆம் தேதி ராத்திரி ரயிலுக்கு நவம்பர் 14-ஆம் தேதி காலை 8 மணிக்குத் திறக்கும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை அதற்கு முன்பே இணைத்து முடித்திருங்கள். ஏறும் இடத்தில் எழும்பூர் என்று போடாமல் தாம்பரம் என்று போடுங்கள்.